துணை மின்கலத்தின் நாடி பார்த்தல்

நோய் முற்றுவதற்கு முன்னரே நாடி பார்த்து அறிவது நம் முன்னோர் கண்ட நன்னெறி. மனித உடலுக்கு உரிய அந்நெறி, இன்று நாம் ஏறிச் செல்லும் ஊர்திக்கும் பொருந்துவதாயிற்று. பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் இணைந்து இயக்கும் ஹைபிரிட் கார்கள் நம் ஊர்த் தெருக்களில் பெருகி வருகின்றன. அவற்றுள் அடங்கியிருக்கும் ஒரு சிறு மின்கலத்தின் நலத்தை, வீட்டிலிருந்தபடியே எவரும் அறிந்துகொள்ளும் வழியை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ் கற்பிக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று வினவலாம். பட்டறிவே நம்மை இதற்குள் ஈர்த்தது.

ஒரு வைகறை நிகழ்ச்சி

வளைகுடா நாட்டில் பணிபுரியும் நம் மைத்துனர் விடுமுறையில் ஊர் திரும்பியிருந்தார். அவர் வாங்கி நிறுத்தியிருந்த ஹைபிரிட் கார், ஓட்டுவாரின்றி ஒன்றரைத் திங்கள் கொட்டகையில் உறங்கிக் கிடந்தது. மாமிக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ் சிகிச்சை. அன்று காலை அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லக் காரை இயக்க முனைந்தபோது அது விழிக்கவே இல்லை. முகப்புத் திரையில் எச்சரிக்கை விளக்குகள் பல ஒருங்கே மின்னி மறைந்தன. மாமியை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டுப் பட்டறைக்காரரை அழைத்தோம். அவர் திரையை நோக்கிய அளவிலேயே, "பெரிய பேட்டரி போய்விட்டது, சில இலட்சம் ஆகும்" என்று கூறிச் சென்றார்.

"மச்சான், ஈராண்டுச் சேமிப்பு இதிலேயே போய்விடும் போலிருக்கிறதே" என்று மைத்துனர் தளர்ந்து அமர்ந்தார். நமக்கும் வழி தோன்றவில்லை. கல்லூரியில் இயற்பியல் துறை நண்பரிடம் இதனைக் கூறியபோது அவர் நகைத்தார். "பெரியதைக் குறை கூறுமுன் சிறியதைக் கேட்டீர்களா?" என்றார். மாலையில் மல்டிமீட்டர் ஒன்றுடன் வந்தார். அளந்து பார்த்தபோது சிறு மின்கலம் காட்டிய அளவு 10.8 வோல்ட். இலட்சங்களை விழுங்கவிருந்த நோய், சில ஆயிரத்தில் தீரக்கூடியது என்பது அப்போது புலனாயிற்று.

இரு மின்கலங்கள்

ஹைபிரிட் காரில் மின்கலங்கள் இரண்டு உண்டு. ஒன்று, சக்கரங்களைச் சுழற்றும் மோட்டாருக்கு ஆற்றல் தரும் உயர் அழுத்த மின்கலம். ஜப்பானில் 1997-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் இவ்வகை ஊர்திகளுக்கு முன்னோடி. அதன் இரண்டாம் தலைமுறை வண்டியில் 1.2 வோல்ட் கொண்ட சிற்றறைகள் 168 வரிசையாய் இணைக்கப்பட்டு 201.6 வோல்ட் பெறப்பட்டது. மற்றொன்று, 12 வோல்ட் கொண்ட துணை மின்கலம். இது பெரும்பாலும் நாம் நெடுநாள் அறிந்த ஈய அமில வகையைச் சார்ந்தது. பிரான்சு நாட்டு அறிஞர் காஸ்டன் பிளாந்தே 1859-இல் கண்டறிந்த அதே தத்துவம் இன்றும் இதில் இயங்குகிறது.

சாதாரணக் காரில் 12 வோல்ட் பேட்டரிதான் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்புகிறது. முழுமையான ஹைபிரிட் காரில் அப்பணியை உயர் அழுத்த மின்கலமே மேற்கொள்கிறது. அவ்வாறாயின் சிறியது எதற்கு? கணினிகளை விழிக்கச் செய்வதும், கதவுப் பூட்டைத் திறப்பதும், விளக்கெரிப்பதும் அதன் பணிகள். இவற்றினும் முதன்மையான பணி ஒன்றுண்டு. பாதுகாப்புக் கருதி, வண்டி ஓய்ந்திருக்கையில் உயர் அழுத்த மின்கலம் ரிலே எனப்படும் மின்விசைகளால் முற்றிலும் துண்டிக்கப்பட்டிருக்கும். அவற்றை மூடி இணைப்பை ஏற்படுத்துவது துணை மின்கலத்தின் ஆற்றலே. பெரியது நிறைந்த வலிமையுடன் இருப்பினும், சிறியது கதவைத் திறவாவிடில் அது வெளியே வர இயலாது. பெருந்தேருக்குச் சிற்றச்சாணி என்னும் உவமை வள்ளுவர் காலந்தொட்டுத் தமிழர் அறிந்ததன்றோ!

ஏன் நாமே கேட்க வேண்டும்?

பழைய காரில் பேட்டரி நலிந்தால் அது தானே முறையிடும். சாவியைத் திருப்பும்போது எஞ்சின் இழுத்து இழுத்துச் சுழலும், நாமும் விழிப்படைவோம். ஹைபிரிட் காரின் துணை மின்கலத்துக்கோ எஞ்சினைச் சுழற்றும் கடும்பணி இல்லை. ஆதலால் பாதிக்கு மேல் வலுவிழந்த பின்னும் அது நாள்தோறும் வண்டியை விழிக்கச் செய்துகொண்டே இருக்கும். ஒரு நாள் முன்னறிவிப்பின்றி ஓய்ந்துவிடும். தன் நோயைச் சொல்லாத முதியவரைப் போன்றது அது. நாம்தான் கேட்டறிய வேண்டும்.

சிற்சில குறிப்புகளை மட்டும் அது காட்டுவதுண்டு. பூட்டு மெல்லத் திறத்தல், கடிகாரம் தானே மாறிவிடுதல், தொடர்பற்ற எச்சரிக்கை விளக்குகள் ஒருங்கே தோன்றுதல், 'ரெடி' என்னும் விளக்கு எரிய மறுத்தல் ஆகியன அவை.

சோதனைக்கு முன்

துணை மின்கலம் வண்டிக்கு வண்டி வெவ்வேறு இடத்தில் அமைந்திருக்கும். பிரியஸின் இரண்டாம் தலைமுறையில் அது பின்புறச் சாமான் அறையின் வலப்பக்கத்தில் உள்ளது. நம் நாட்டில் 2022-இல் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸ், கிராண்ட் விடாரா, ஹோண்டா சிட்டி ஹைபிரிட் முதலியவற்றுக்கு உரிமையாளர் கையேட்டைப் பார்த்தே இடமறிதல் வேண்டும். செம்மஞ்சள் நிறக் கம்பிகள் உயர் அழுத்தத்துக்கு உரியவை. அவற்றையும் அவை சென்று சேரும் பெட்டிகளையும் தொடவே கூடாது. மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுதல் நன்று. நேர்முனையையும் எதிர்முனையையும் ஓர் இரும்புக் கருவி ஒருங்கே தொட நேர்ந்தால் பெருந்தீப்பொறி எழும்.

முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பொடி படிந்திருந்தால், அதுவே மின்னோட்டத்தைத் தடுக்கும். இணைப்பு தளர்ந்திருத்தலும் அவ்வாறே. பெட்டி உப்பியிருந்தாலோ அமிலம் கசிந்திருந்தாலோ சோதனைக்கே இடமில்லை; மாற்றிவிட வேண்டியதே.

முதற்சோதனை: ஓய்வில் அளத்தல்

ஓடிநின்ற உடனே அளந்தால் மேலெழுந்த மின்னழுத்தம் பொய் சொல்லும். இரவு முழுதும், குறைந்தது மூன்று மணி நேரமேனும் வண்டி ஓய்ந்திருக்க வேண்டும். தொடுசாவி உள்ள வண்டியாயின் சாவியை வீட்டினுள் தொலைவில் வைத்தல் வேண்டும். அருகிலிருந்தால் கணினிகள் விழித்துக்கொள்ளும். கதவைத் திறந்தாலும் அவை விழிக்கும். ஆகவே திறந்தபின் கால் மணி நேரம் பொறுத்து, விளக்குகள் அணைந்தனவா என நோக்கி, மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட் நிலையில் வைக்க வேண்டும். சிவப்பு முள்ளை நேர்முனையிலும், கறுப்பு முள்ளை எதிர்முனையிலும் வைத்து அளவைக் குறித்துக்கொள்க.

ஈய அமில மின்கலத்தில் அறைகள் ஆறு. முழுமையாக நிறைந்த அறை ஒவ்வொன்றும் 2.1 வோல்ட் தரும். ஆறும் சேர்ந்து 12.6. இதனை அடிப்படையாகக் கொண்டு அளவுகளைப் பின்வருமாறு பொருள் கொள்ளலாம்:

12.6 அல்லது அதற்கு மேல் – நிறைவு.
12.4 – ஏறத்தாழ முக்கால் பங்கு.
12.2 – ஏறத்தாழப் பாதி.
12.0 – ஏறத்தாழக் கால் பங்கு.
11.8-க்குக் கீழ் – வெறுமை.

ஹைபிரிட் கார்கள் பலவற்றில் பயன்படும் ஏ.ஜி.எம். வகை, நிறைவில் 12.8 வரை காட்டும். சில வண்டிகளில் துணை மின்கலம் லித்தியம் வகையாக இருக்கும். அவற்றுக்கு இவ்வளவுகள் பொருந்தா.

இரண்டாம் சோதனை: ஊட்டம் அறிதல்

நோயாளி மெலிந்திருப்பது நோயாலோ, உணவின்மையாலோ எனத் தெளிதல் வேண்டும். ஹைபிரிட் காரில் ஆல்டர்னேட்டர் இல்லை. உயர் அழுத்த மின்சாரத்தைத் தாழ்த்தித் தரும் மாற்றி ஒன்றே துணை மின்கலத்துக்கு ஊட்டமளிக்கிறது. பிரேக்கை மிதித்து 'ரெடி' விளக்கு எரியச் செய்து மீண்டும் அளந்தால் மின்னழுத்தம் ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வரை உயர்ந்திருக்க வேண்டும். உயராமல் 12-இலேயே நின்றால், பழுது மின்கலத்தில் இல்லாமல் ஊட்டும் பகுதியில் இருக்கக்கூடும். அது தேர்ந்தவர் கைக்குரிய பணி.

இச்சோதனையைத் திறந்த வெளியில் செய்தல் இன்றியமையாதது. 'ரெடி' நிலையில் எஞ்சின் தானே கிளம்பும். மூடிய கொட்டகையில் அதன் நச்சுப்புகை உயிருக்கே தீங்காகும்.

மூன்றாம் சோதனை: தாங்கும் திறன்

நிறைவாக இருப்பது வேறு, தாங்குவது வேறு. பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை அழுத்தி, 'ரெடி' அல்லாத நிலையில் முகப்பு விளக்கை ஐந்து மணித்துளி எரியவிட்டு அளந்து வருக. 12-ஐ ஒட்டி நிலையாக நின்றால் நலம். விரைந்து சரிந்து 11.5-க்கும் கீழிறங்கினால் உள்வலு குன்றிவிட்டது எனக் கொள்ளலாம். இது தோராயக் கணிப்பே. பேட்டரிக் கடைகளிலுள்ள சோதனைக் கருவி துல்லியமாகக் கூறும்.

இதனினும் எளிய சோதனை ஒன்றை நம் நண்பர் செய்து காட்டினார். மைத்துனரின் மின்கலத்தைச் சார்ஜரில் இட்டு இரவு முழுதும் ஊட்டமளித்தார். பின்னர் எதிர்முனை இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டு அளந்தார், 12.5 காட்டியது. மறுநாள் காலை, எதனோடும் இணைக்கப்படாத நிலையிலேயே 11.6-க்கு இறங்கியிருந்தது. "பறிப்பார் எவருமின்றித் தானே தேய்கிறது, இனி இது உதவாது" என்றார். கழற்றி வைத்தபோது நிலைத்து நின்று, வண்டியில் இணைத்தபின் மட்டும் தேய்ந்திருக்குமாயின், குற்றம் மின்கலத்தினுடையதன்று; வண்டியில் ஏதோ ஒன்று ஆற்றலைக் களவாடுகிறது என்பது பொருள். நிறைவாக ஊட்டிய பின்னும் 10.5 அளவிலேயே நின்றால் ஆறு அறைகளுள் ஒன்று இறந்துவிட்டது என அறியலாம்.

நின்ற வண்டியின் கணக்கு

ஓடாத வண்டியில் மின்கலம் ஏன் தேய வேண்டும் என மைத்துனர் வினவினார். திருட்டுத் தடுப்புக் கருவியும் சாவியை எதிர்நோக்கும் கருவியும் உறங்குவதே இல்லை. அவை 0.05 ஆம்பியர் மட்டுமே உண்பதாகக் கொள்வோம். ஒரு நாளைக்கு 24 மணி, ஆக 1.2 ஆம்பியர் மணி. முப்பது நாளில் 36. துணை மின்கலத்தின் கொள்ளளவு 45 ஆம்பியர் மணி என்றால், ஒரு திங்களில் எஞ்சுவது ஐந்தில் ஒரு பங்கே. ஒன்றரைத் திங்களில் என்னாகும் என்பதை மாணவர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

வெறுமையுற்ற மின்கலத்தில் மற்றொரு கேடும் விளைகிறது. ஆற்றல் வெளிப்படும்போது தகடுகளில் ஈயச் சல்பேட் படிகிறது. உடனே ஊட்டமளித்தால் அது கரையும். நாட்பட விட்டால் இறுகிக் கட்டியாகி மீளாது. வெப்பம் மிகுந்த நம் நிலத்தில் இத்தேய்வு இன்னும் விரைவுடையது.

ஆகவே வாரம் ஒருமுறையேனும் வண்டியைச் சற்றுத் தொலைவு ஓட்டுதல் வேண்டும். இயலாதவர் திறந்த வெளியில் 'ரெடி' நிலையில் ஒரு மணி நேரம் அருகிருந்து பார்த்துக்கொள்ளலாம். திங்கள் கணக்கில் வெளிநாடு செல்வோர் எதிர்முனை இணைப்பைக் கழற்றி வைத்துச் செல்லுதல் சாலச் சிறந்தது. சார்ஜரில் ஊட்டும்போது 5 ஆம்பியருக்கு மிகாமல் மெல்ல ஊட்ட வேண்டும். வேறு வண்டியின் பேட்டரியை ஜம்பர் கேபிளால் இணைத்து எழுப்பும்போது முனைகளை மாற்றிப் பொருத்திவிடலாகாது. விலையுயர்ந்த மின்பகுதிகள் கருகிவிடும். புதியது வாங்கும்போதும் அதே வகையையே வாங்க வேண்டும். பயணிகள் அமரும் பகுதியில் அமைந்த மின்கலமாயின், வாயுவை வெளியேற்றும் குழாயைத் தவறாது பொருத்த வேண்டும்.

முடிவாக

புதிய மின்கலம் பொருத்திய அன்று மைத்துனர் பொத்தானை அழுத்தினார். எச்சரிக்கை விளக்கு ஒன்றுமின்றி 'ரெடி' எனத் திரை ஒளிர்ந்தது. அடுத்த சிகிச்சைக்கு மாமி அதே காரில் சென்று வந்தார். வளைகுடாவுக்குத் திரும்பு முன் மைத்துனர் தாமே ஒரு மல்டிமீட்டர் வாங்கி, அளக்கும் முறையைத் தம் மகளுக்குக் கற்பித்துச் சென்றார். பள்ளி மாணவியான அவள் நாட்காட்டியின் ஓரத்தில் ஞாயிறுதோறும் அளவைக் குறித்து வருகிறாள். 12.6, 12.6, 12.5 என அவ்வெண்கள் தொடர்கின்றன.

சில நூறு ரூபாய்க் கருவியும் ஐந்து மணித்துளிப் பொறுமையும் இருந்தால், இலட்சங்களைக் காக்கும் அறிவு எவர்க்கும் எட்டும். பிறர் கூறும் பெருந்தொகைக்கு அஞ்சித் தலையசைக்குமுன், "அளந்து பார்த்தீர்களா?" என ஒரு கேள்வி கேட்கப் பழகுவோம். பெரியதன் மேல் பழி சுமத்துமுன் சிறியதன் நாடியைப் பார்ப்போம்.