வாழ்த்து மடலா, வேலைத் திட்டமா? - சமுதாயக் கல்லூரியின் புதிய முதல்வர் முதல் சர்குலரில் சொல்ல வேண்டியது என்ன?

ஜூன் மாதம் கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு விஷயங்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தொடங்கும். ஒன்று, முதல் போக நெல்லுக்காக முல்லைப் பெரியாறு அணையில் தண்ணீர் திறப்பு. மழை கைகொடுத்தால் வழக்கமான தேதி ஜூன் 1. பாசனம் பெறுவது 14,707 ஏக்கர். இன்னொன்று, கல்லூரிகளின் புது செமஸ்டர்.

தண்ணீர் திறக்கும்போது எத்தனை கனஅடி, எத்தனை நாள், எந்தப் பகுதிக்கு என்று அரசு அறிவிப்பே சொல்லிவிடும். கல்லூரி திறக்கும்போது? புதிதாகப் பொறுப்பேற்ற முதல்வரிடமிருந்து ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு சர்குலர் வரும். வரவேற்பு, வாழ்த்து, 'அனைவரும் ஒற்றுமையாகச் செயல்படுவோம்'. கீழே வரிசையாகக் கும்பிடு எமோஜிகள். அவ்வளவுதான்.

வழக்கமான கலைக் கல்லூரிக்கு இது ஓரளவு போதும். பாடத்திட்டம் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது, டைம்டேபிள் போன வருஷமே இருக்கிறது, வண்டி தானாக ஓடும். சமுதாயக் கல்லூரியில் அப்படி எதுவும் தானாக ஓடாது. அங்கே புதிய தலைவரின் முதல் செய்திதான் அந்த செமஸ்டரின் வேலைத் திட்டம்.

சமுதாயக் கல்லூரி என்றால் என்ன?

பள்ளிப் படிப்போடு நின்றவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைப்பவர்கள், டிகிரிக்கு மூன்று வருஷம் ஒதுக்க முடியாதவர்கள் ஆகியோருக்காக, உள்ளூர் வேலைவாய்ப்பைப் பார்த்துப் பாடம் அமைக்கும் கல்லூரி. கம்யூனிட்டி காலேஜ் என்ற இந்த யோசனை அமெரிக்காவிலிருந்து வந்தது. இலினாய் மாநிலத்தின் ஜோலியட் ஜூனியர் காலேஜ் 1901-ல் வெறும் ஆறு மாணவர்களோடு தொடங்கியது. இன்று அந்த நாட்டில் இது ஒன்றும் இரண்டாம் தரக் கல்வி அல்ல. ஜோ பைடன் அதிபராக இருந்தபோது அவர் மனைவி ஜில் பைடன் வடக்கு வர்ஜீனியாவில் இப்படியொரு கல்லூரியில் ஆங்கிலப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

இந்தியாவில் இதற்குத் தமிழர்களுக்குப் பக்கத்திலேயே ஆரம்பம்: புதுச்சேரி பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரி, 1995. அதன் பிறகு ஏசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸ் சென்னையிலிருந்து இதை ஓர் இயக்கமாகவே வளர்த்தார். வாழ்க்கைத் திறன், தொழில் திறன், வேலையிடத்தில் நேரடிப் பயிற்சி என்பது அந்த மாதிரியின் சாரம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இத்தகைய கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தந்தது. 2013-14 கல்வியாண்டு முதல் யுஜிசி-யும் ஏற்கெனவே இருக்கும் கல்லூரிகளுக்குள் இதை ஒரு திட்டமாகக் கொண்டுவந்தது.

அந்த 'கல்லூரிக்குள் கல்லூரி' அமைப்பில்தான் சிக்கலும் இருக்கிறது. பல இடங்களில் பொறுப்பாளர் என்பவர் தன் துறை வேலையோடு சேர்த்து இதையும் பார்ப்பவர். பணம் திட்டக் காலத்துக்கு மட்டும். ஆசிரியர்களில் பலர் தற்காலிகம். ஆள் மாறும்போது எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. முந்தையவர் எந்தக் கம்பெனியோடு பேசி வைத்திருந்தார் என்பதுகூட அவர் செல்போனோடு போய்விடும்.

450 மணி நேரம் எங்கிருந்து வரும்?

புதியவர் முதலில் சொல்ல வேண்டியது நேரக் கணக்கு. யுஜிசி விதிப்படி ஆறு மாதச் சான்றிதழ் படிப்புக்கு 30 கிரெடிட். அதில் 18 தொழில் திறன், 12 பொதுக் கல்வி. ஒரு கிரெடிட் என்பது சுமார் 15 மணி நேர வகுப்பு. ஆக மொத்தம் 450 மணி நேரம். தினமும் ஐந்து மணி நேரம் என்றால் 90 நாளில் முடியும்.

ஆனால் தேனி மாவட்டத்தில் பகல் முழுக்க வகுப்புக்கு வரக்கூடியவர் யார்? போடி, கம்பம், கூடலூர் பக்கம் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்கள் இருட்டும் நேரத்தில்தான் வீடு திரும்புவார்கள். போடியின் ஏலக்காய் ஸ்டோர்களில் காய் தரம் பிரிக்கும் பெண்களுக்கும் பகல் நேரம்தான் கூலி.

"சரி, ஈவினிங் காலேஜ் நடத்திடலாம்" என்று சொல்வது சுலபம். மாலை மூன்று மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 450 மணி நேரத்துக்கு 25 வாரம் ஆகும். அது கிட்டத்தட்ட ஆறு மாதம். நடுவில் தேர்வு, தீபாவளி, பொங்கல் எதற்கும் இடமில்லை. வேலையிடப் பயிற்சியை வைத்து ஈடுகட்டலாமா? அங்கே கணக்கு இன்னும் கடினம். களப்பயிற்சி நேரத்துக்குப் பாதி மதிப்புதான். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம். இதைப் போட்டுப் பார்க்காமல் 'வேலை செய்துகொண்டே படிக்கலாம்' என்று நோட்டீஸ் அடித்தால், மூன்றாவது மாதத்தில் வகுப்பறை காலியாகும்.

மாதக் கணக்கும் உண்டு. ஏலக்காய் எடுப்பு ஆகஸ்ட் வாக்கில் சூடுபிடித்து ஜனவரி, பிப்ரவரி வரை போகும். கல்லூரியின் ஆட் செமஸ்டர் சரியாக இதன் மேல்தான் விழுகிறது. எடுப்புக் காலத்தில் வாரக் கடைசி வகுப்பு, கூலி குறையும் மாதங்களில் முழுநாள் வகுப்பு என்று மாற்றி அமைக்க முடியும். ஆனால் அதற்கு ஆசிரியர்களின் சனி, ஞாயிறு போகும். அதற்கு மாற்று விடுப்பு உண்டா, இல்லையா? இதுதான் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. 'அர்ப்பணிப்புடன் பணியாற்றுவோம்' என்ற வரி அதற்குப் பதில் ஆகாது.

எந்தப் படிப்பு, யார் பாடம் எடுப்பது?

கம்ப்யூட்டர் பயிற்சி, டெய்லரிங், பியூட்டீஷியன் எல்லா ஊரிலும் இருக்கிறது. தவறில்லை. ஆனால் இந்தப் பள்ளத்தாக்குக்கென்றே சில வேலைகள் இருக்கின்றன. ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின்-ஏலம் நடக்கும் இரண்டு மையங்களில் ஒன்று போடியில் இருக்கிறது. இன்னொன்று இடுக்கியின் புற்றடி. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சின்னமனூர் வாழைக்குப் பெயர் போனது. ஆண்டிபட்டி பக்கம் காற்றாலைகளும் தறிகளும் இருக்கின்றன. டிரையரை வெப்பம் பார்த்து இயக்குபவர், திராட்சையையும் வாழையையும் கெடாமல் பேக்கிங் செய்பவர், காற்றாலைப் பராமரிப்பாளர் என்று இங்கே தேவைப்படும் ஆட்கள் பட்டியல் சின்னதல்ல.

இதற்கெல்லாம் பாடம் நடத்தப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி போன்ற இடங்களில் ஆள் இருக்கிறார்கள். ஆனால் ஏலக்காயைக் கையில் உருட்டியே தரம் சொல்லும் ஸ்டோர்க்காரரிடம் பிஎச்டி இருக்காது. தொழில் துறையினரை வரவழைத்து வகுப்பு எடுக்கச் சொல்ல யுஜிசி திட்டத்தில் இடம் உண்டு. அந்த வழியை எத்தனை கல்லூரிகள் மனதாரப் பயன்படுத்துகின்றன என்பது வேறு விஷயம்.

சம்பளத்தைப் பேசாமல் இதைப் பேச முடியாது. கெஸ்ட் லெக்சரர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று யுஜிசி 2019-லேயே சொல்லிவிட்டது. தமிழக அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்களின் ஊதியம் 25,000 ரூபாய்க்கு உயர்ந்தபோதும் அது அந்த உச்ச வரம்பில் பாதிதான். புதிய முதல்வரால் இந்தத் தொகையை மாற்ற முடியாது. எந்தத் தேதியில் சம்பளம் வரும், யாருக்கு எத்தனை வகுப்பு, ஒப்பந்தம் எதுவரை என்பதை முதல் வாரமே எழுத்தில் தர அவரால் முடியும். அமெரிக்கக் கல்லூரித் தலைவர்கள் செமஸ்டர் தொடக்கத்தில் ஊழியர்களுக்கு எழுதும் கடிதங்களில் இது சகஜம்: எத்தனை பேர் சேர்ந்தார்கள், பட்ஜெட் எப்படி, புதிதாக யார் வந்திருக்கிறார்கள், எந்தப் பணியிடம் காலி. கெட்ட செய்தியும் அதே கடிதத்தில் வரும்.

மாணவருக்கு என்ன நஷ்டம்?

முதல் சர்குலரில் இதெல்லாம் இல்லாவிட்டால் பாதிக்கப்படுவது கூலியை விட்டுவிட்டு வந்தவர். ஆறு மாதம் கழித்துக் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். அதைத் தேனியில் எந்த முதலாளிக்கும் தெரியாது. அந்தப் படிப்பை வைத்து அடுத்த கட்டத்துக்குப் போகலாமா என்றும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 2021-ல் வந்த அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் முறையில், தகுதியான படிப்பின் கிரெடிட் மாணவர் கணக்கில் சேர்ந்து பின்னால் பயன்படும். ஆனால் கல்லூரி பதிவேற்றினால்தான் சேரும். அந்த வேலை யாருடையது என்று ஒரு பெயர் குறிக்கப்பட வேண்டும்.

உதவித்தொகையும் அப்படித்தான். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-லும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-லும் வந்தன. டிகிரி, டிப்ளமோ, ஐடிஐ மாணவர்களுக்கு அவை பொருந்தும். தங்கள் கல்லூரியின் குறுகிய காலப் படிப்பு அதற்குள் வருமா, வராதா என்பதை அட்மிஷனுக்கு முன்பே ஆசிரியர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அப்ளிகேஷன் வாங்க வரும் அம்மா கவுன்ட்டரில் இருப்பவரிடம்தான் கேட்பார்: "சார், அந்த ஆயிரம் ரூபா எங்க பிள்ளைக்கு வருமா?"