முதலில் அதிகாரி, பிறகு விமானி

மழைக்காலத்தில் ஆறு கரைபுரண்டு சாலைகள் துண்டிக்கப்படும்போது, உணவு மூட்டைகளையும் மருந்தையும் சுமந்து வருவது ஹெலிகாப்டர். 1968-இல் சேவைக்கு வந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த நூரி ஹெலிகாப்டரை அறியாதார் நம்மில் மிகச் சிலரே. அதனைக் கண்டு கைதட்டிய சிறுவர்கள், "நானும் இதை ஓட்டுவேன்" என்றனர். பெற்றோரோ, "அதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு" என்று கூறி அடக்கினர்.

இவ்வெண்ணம் பிறந்ததற்குக் காரணம் உண்டு. பழைய நாள்களில் தோட்டத்துத் துரை வெளியிலிருந்து வந்தார். பால்மரம் வெட்டுபவரின் மகன் அந்த நாற்காலியில் அமர்வது அரிது. 'அதிகாரி' என்ற சொல்லைக் கேட்டதும் நாம் பின்வாங்குவது அந்நினைவினாலேயே. ஆனால் ஆயுதப்படையில் எவரும் அதிகாரியாகப் பிறப்பதில்லை, பயிற்சியினால் ஆக்கப்படுகின்றனர்.

நியமனம் என்பது யாது?

கூட்டரசு அரசியலமைப்பின் 41-ஆம் பிரிவின்படி மாட்சிமை தங்கிய மாமன்னரே ஆயுதப்படைகளின் உச்சத் தளபதியாவார். பயிற்சியை நிறைவு செய்த இளைஞருக்கு அவர் பெயரால் நியமனப் பத்திரம் வழங்கப்படுகிறது. மலாய் மொழியில் இதனைத் 'தௌலியா' என்பர். ஓர் அதிகாரிக்குப் படைவீரர் வணக்கம் செலுத்துவது அவருடைய உடலுக்கோ செல்வத்துக்கோ அன்று. அந்த நியமனத்துக்கே ஆகும்.

நம் நாட்டில் படை விமானிகள் இவ்வாறு நியமனம் பெற்ற அதிகாரிகளே. எல்லா நாடுகளிலும் இம்முறை இல்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ஆகாயப்படையில் சார்ஜண்டுகள் பலர் விமானம் ஓட்டினர். அமெரிக்கத் தரைப்படையின் ஹெலிகாப்டர் விமானிகளுள் பெரும்பாலோர் 'வாரண்ட்' அதிகாரிகள். படையினரை நடத்துவதைவிடப் பறக்கும் தொழிலிலேயே அவர்கள் நிலைத்திருப்பர். நம் முறையிலோ, விமானத்தை ஓட்டுபவர் ஆட்களையும் நடத்தக் கற்றிருத்தல் வேண்டும்.

மூன்று படைகள்

அரச மலேசிய ஆகாயப்படை 1958-இல் தோன்றியது. தொடக்கத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகளே அதற்குத் தலைமை தாங்கினர். 1967-இல் சுலைமான் சுஜாக் அப்பொறுப்பை ஏற்ற முதல் மலேசியரானார். ஆகாயப்படைக் கல்லூரி கெடா மாநிலத்து அலோர் ஸ்டாரில் உள்ளது. அங்குப் பயன்படும் பிசி-7 பயிற்சி விமானத்தில் மாணவரும் ஆசிரியரும் முன்னும் பின்னுமாக அமர்ந்து பறப்பர்.

கடற்படையின் வான்பிரிவு 1988-இல் வாஸ்ப் ஹெலிகாப்டர்களுடன் பேராக், லுமுட்டில் தொடங்கியது. பின்னர் சூப்பர் லிங்ஸ், ஃபென்னெக் ஹெலிகாப்டர்கள் வந்தன. அலையில் ஆடும் கப்பலின் தளத்தில் இறங்குவதே இவ்விமானிகளின் தனித்திறன். ஆதலால் கடலின் இயல்பையும் கப்பலின் ஒழுங்கையும் இவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

தரைப்படையின் வான்பிரிவு 1990-களில் உருவானது. அதன் தளம் ஜொகூர், குளுவாங்கில் இருக்கிறது. காட்டிலும் மேட்டிலும் நடக்கும் வீரனின் தேவையை உணர்ந்தவரே அவனுக்கு மேலிருந்து உதவ இயலும்.

எவ்வழியில் செல்வது?

முதல் வழி, எஸ்.பி.எம். அல்லது அதற்கு மேற்பட்ட கல்வியுடன் பயிற்சி அதிகாரியாக விண்ணப்பிப்பது. இரண்டாவது, சுங்கை பீசியில் 2006-இல் அமைந்த தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பையும் படைப்பயிற்சியையும் ஒருங்கே பெறுவது. மூன்றாவது, சாதாரணப் படைவீரராகச் சேர்ந்து, நற்பணியாலும் கல்வியாலும் அதிகாரிப் பயிற்சிக்கு விண்ணப்பிப்பது. விமானிக்கு வயது வரம்பு கண்டிப்பானது. ஆதலால் மூன்றாம் வழியில் செல்வோர் காலந்தாழ்த்தலாகாது.

பள்ளிப் பருவத்திலேயே இந்நெறியில் புக விரும்பும் மாணவர்க்கு, 1952-இல் நிறுவப்பட்ட அரச இராணுவக் கல்லூரி உண்டு. எல்லா இன மாணவரும் அங்கு ஒன்றாகத் தங்கிப் பயில்கின்றனர். சேவை செய்து தலைமை தாங்குக என்பதே அக்கல்லூரியின் குறிக்கோளுரையின் பொருள்.

பெண்களுக்கும் இக்கதவு திறந்தே உள்ளது. சபாவைச் சேர்ந்த மேஜர் பெட்ரீசியா யாப் மிக்-29 போர் விமானத்தை ஓட்டியவர்.

அதிகாரியின் பண்பு

விடியுமுன் எழுந்து பிரட்டுக்கு நிற்பது நமக்குப் புதிதன்று. பயிற்சி அதிகாரியின் நாளும் அவ்வாறே தொடங்குகிறது. ஆணையிடக் கற்குமுன் ஆணைக்குக் கீழ்ப்படியக் கற்கிறார். காலணியைத் தாமே துலக்குகிறார். தவறு நேர்ந்தால் தமக்குக் கீழுள்ளவர்மீது பழி போடாது, தாமே முன்வந்து ஏற்கப் பழகுகிறார்.

விமானம் புறப்படுமுன் நடப்பதைக் காண்க. பழுது பார்த்த தொழில்நுட்பப் படைவீரர் பதிவேட்டில் கையொப்பமிடுகிறார். அதன் பின்னரே விமானி கையொப்பமிட்டு விமானத்தை ஏற்கிறார். பதவியில் உயர்ந்தவர், எண்ணெய் படிந்த கையையுடையவரின் சொல்லை நம்பி உயிரை ஒப்படைக்கிறார். ஒருவரையொருவர் மதியாத படையில் எவரும் பாதுகாப்பாகப் பறக்க இயலாது.

பெற்றோர் செய்யத்தக்கவை

கணிதத்தையும் அறிவியலையும் பிள்ளைகள் கைவிடாதிருக்கச் செய்க. மலாய் மொழியில் நல்ல தேர்ச்சி இன்றியமையாதது. வானொலித் தொடர்புக்கு ஆங்கிலமும் தேவை. நிறக்குருடு உள்ளவர் விமானியாக இயலாது. எனவே கண்பரிசோதனையை முன்னரே செய்துகொள்ளல் நன்று. விண்ணப்பிப்போர் மணமாகாதவராக இருத்தல் வேண்டும். நியமனம் பெற்றபின் குறிப்பிட்ட ஆண்டுகள் பணியாற்றும் கடப்பாடும் உண்டு. வயது, உயரம், தேர்ச்சி ஆகிய விவரங்களை ஒவ்வொரு சேர்ப்பின் அறிவிப்பிலும் கவனமாகப் படித்து, இறுதி நாளுக்கு முன்னரே விண்ணப்பிக்க வேண்டும்.

தேர்வு கடினமானது, விண்ணப்பிப்போர் யாவரும் விமானியாவதில்லை. ஆயினும் விண்ணப்பமே செய்யாதவர் தேர்ந்தெடுக்கப்படுவது ஒருநாளும் இல்லை. அடுத்த முறை வானில் ஹெலிகாப்டரின் ஒலி கேட்டு உங்கள் மகனோ மகளோ வாசலுக்கு ஓடினால், "அது நமக்கில்லை" என்று சொல்லாதீர்கள். "கணக்குப் பாடம் எப்படிப் போகிறது?" என்று கேளுங்கள்.