பூட்டைத் தேடிச் செல்லும் மருந்து

கீமோ மருந்து புற்றுச் செல்லோடு முடியின் வேரையும் குடலையும் சேர்த்தே தாக்கும். ஆனால் சில மார்பகப் புற்றுச் செல்களின் மேற்பரப்பில் ஹெர்2 என்ற ஏற்பி மிகுதியாக இருக்கும். அது பூட்டு என்றால், 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் அதற்கேற்ற சாவி. இத்தகைய சாவியை நானோ துகள்களில் பொருத்தி, செல்லுக்குள்ளேயே மருந்தை இறக்க ஆய்வுகள் நடக்கின்றன.

சிக்கல் என்னவெனில், திரவத்தில் மிதக்கும் துகள்கள் ஒட்டித் திரண்டால் இலக்கை அடையாமல் நுண்குழாய்களில் சிக்கிவிடும். அதைத் தடுக்க பாலிமர் போர்வை போர்த்துகிறார்கள். போர்வை அடர்ந்தால் சாவியே மறைந்துவிடும்.

மருத்துவம் தேடுவது நபிவழி. ஆனால் பூட்டில்லாத இடத்தில் சாவி பயன்படாது. வீட்டில் ஒருவருக்கு மார்பகப் புற்று என்றால், "ஹெர்2 பரிசோதனை முடிவு என்ன?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ்.