காதால் படித்த கதை

"அத்தை, இந்தக் கோயிலை யாரு கட்டினது?"

கங்கைகொண்ட சோழபுரத்தில், அந்தப் பெரிய நந்தியின் எதிரே நின்று கேட்டாள் என் அண்ணன் மகள். ஜெயங்கொண்டத்தில் வாழ்க்கைப்பட்டு இருபது வருஷமான எனக்கா தெரியாது?

"பொன்னியின் செல்வன்தான்! முழுக் கதையும் முந்தாநாள்தான் கேட்டு முடிச்சேன்" என்றேன், பெருமையாக.

பலகையைப் படித்துவிட்டு வந்தாள். "இல்லே அத்தை, ராஜேந்திர சோழன்னு போட்டிருக்கு. பொன்னியின் செல்வன் அவரோட அப்பா ராஜராஜனாச்சே!"

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

எட்டாவதோடு படிப்பு நின்றுபோனவள் நான். அந்தக் குறை தீரட்டும் என்று, செல்போனில் புத்தகச் சுருக்கங்களைக் கேட்கச் சொல்லிக் கொடுத்தான் என் மகன். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ஐந்து பாக நாவல், இருபதே நிமிஷத்தில்! அதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, குழம்பு கொதிப்பதற்குள் முடித்துவிட்டேன். ஒரே மாதத்தில் முப்பது புத்தகம். அதில் மூன்றைச் சொல் என்றால் திருதிருவென்று விழித்திருப்பேன்!

வேகத்தின் மேல் மட்டும் பழி போட முடியாது. அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களுக்குப் பாடங்களை வேகமாக ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டு மடங்கு வேகம் வரை அவர்களுக்குப் புரிவது அதிகம் குறையவில்லை.

பின்னே கோளாறு எங்கே? 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் வெளியிட்ட ஆராய்ச்சியில் விடை இருக்கிறது. ஒரு பகுதியைப் படித்த மாணவர்களில் சிலர் அதையே மறுபடி படித்தார்கள். மற்றவர்கள் பாடத்தைப் பார்க்காமல், நினைவில் நின்றதை எழுதினார்கள். ஒரு வாரம் கழித்து, எழுதியவர்களுக்கு 56 சதவீதம் ஞாபகம் இருந்தது. மறுபடி படித்தவர்களுக்கு 42 சதவீதம்தான்.

இதைத்தானே என் பாட்டி செய்தாள்! கதாகாலட்சேபம் கேட்டு வந்தால், திண்ணையில் எங்களை உட்கார வைத்துத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் படுப்பாள். கையெழுத்துப் போடத் தெரியாதவளுக்கு மகாபாரதம் தலைகீழ்ப் பாடம்.

இப்போது என் வழக்கம் இது:

* வாரத்துக்கு ஒரு புத்தகம் போதும்.

* கேட்டு முடித்ததும் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் மூன்று விஷயங்களை எழுதுகிறேன். ராத்திரி சாப்பாட்டின்போது வீட்டாருக்குச் சொல்கிறேன். தடுமாறிய இடத்தை மட்டும் மறுபடி கேட்கிறேன்.

* மருத்துவப் புத்தகச் சுருக்கத்தைக் கேட்டு மாத்திரையை நிறுத்துவதில்லை. அதற்கு டாக்டர் இருக்கிறார்.

* காதும் முக்கியம். 80 டெசிபல் சத்தமானால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் பத்திரம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குக்கர் விசில் காதில் விழாவிட்டால் சத்தம் அதிகம் என்று அர்த்தம்!

* பிடித்ததை நூலகத்தில் எடுத்து முழுசாகப் படிக்கிறேன்.

அப்படித்தான் பொன்னியின் செல்வன் முதல் பாகத்தை எடுத்தேன். வானதிக்குப் பிறக்கப்போகும் வீரப் பிள்ளையைப் பற்றிக் குடந்தை ஜோசியர் சொல்கிறார். அந்தப் பிள்ளைதான் ராஜேந்திரன்! நான் கேட்ட சுருக்கத்தில் ஜோசியரே வரவில்லை.

அண்ணன் மகளுக்குப் போன் போட்டேன்: "லீவுக்கு வாடி. கோயிலுக்குப் போவோம். இந்தத் தடவை அத்தை சரியாச் சொல்றேன்!"