மனநோய்க்குப் படம் மருந்தாகுமா?

மாணவர் படம் பார்ப்பதைப் பெற்றோரும் பேராசிரியரும் குறை கூறுவது புதியதன்று. பொழுது வீணாகிறது, படிப்புக் கெடுகிறது, கண் கெடுகிறது என்பார்கள். அக்குறைகளில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் அதனால் விளையக்கூடிய நன்மை ஒன்றைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். மனநோயால் வருந்தும் ஒருவருக்குத் திரைப்படம் உதவுமா? ‘உதவும்; ஆனால் மருந்தாக அன்று’ என்பதே என் விடை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். மனநோய் என்றதும் நம்மவர் பலர் சங்கிலியையும் கூச்சலையும் நினைக்கின்றனர். பெரும்பாலும் அது ஓசையின்றி வருவது. காலையில் எழ மனம் வராது. பசி குறையும். தூக்கம் கெடும். ஒரே வரியைப் பத்து முறை படித்தாலும் பொருள் விளங்காது. முன்பு இனித்தவை எவையும் இனிக்கமாட்டா. இதனை மனச்சோர்வு நோய் என்பர். பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. 18 வயது நிரம்பியோரில் நூற்றுக்கு 10.6 பேர் ஏதேனும் ஒரு மனநோயுடன் வாழ்வதாக அது கண்டது. அவர்களுள் பெரும்பாலோர் சிகிச்சை பெறாதவர்கள்.

ஏன் பெறவில்லை? பணமின்மை, மருத்துவமனையின் தொலைவு, ஊரார் பேச்சு என்று காரணங்கள் பல. இவற்றோடு இன்னொன்றும் உண்டு. அது சொல்லத் தெரியாமை. எனக்கு நேர்ந்ததும் அதுவே. இரண்டாம் ஆண்டில் மனச்சோர்வு என்னைப் பிடித்தது. ‘உடம்பு எப்படியிருக்கிறது?’ என்று அம்மா தொலைபேசியில் கேட்பார்; ‘நன்றாக இருக்கிறேன்’ என்பேன். மறைக்க வேண்டும் என்று எண்ணிச் சொன்னதன்று. வேறு சொல் வாயில் வரவில்லை. வகுப்பில் ஆங்கிலம், கடைத்தெருவில் இந்தி, விடுதி அறையில் தமிழ். நெஞ்சில் கிடந்ததற்கோ மூன்று மொழியிலும் எனக்குப் பெயர் தெரியவில்லை.

அந்நாளில் அறைத்தோழர் ஒருவருடன் 2019இல் வெளிவந்த ‘கும்பளங்கி நைட்ஸ்’ என்னும் மலையாளப் படத்தைப் பார்த்தேன். அதில் சஜி என்று ஒருவன் வருகிறான். அவனைச் சாவிலிருந்து காக்கப் போன தமிழ் நண்பன் தன் உயிரை இழந்துவிடுகிறான். அந்தத் துயரம் சஜியை உள்ளே அரிக்கிறது. ஒரு நாள் அவன் தன் தம்பியிடம், தன்னை மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல்கிறான். மருத்துவரின் மார்பில் சாய்ந்து குழந்தைபோல் அழுகிறான். வளர்ந்த ஆண் ஒருவன் ‘எனக்கு முடியவில்லை’ என்று வாய்விட்டுச் சொல்வதை அன்றுதான் நான் திரையில் கண்டேன். படம் முடிந்ததும், ‘சஜிக்கு இருப்பது போலத்தான் எனக்கும் இருக்கிறது’ என்றேன். தோழர் அறிவுரை எதுவும் கூறவில்லை. ‘நாளைக் காலையில் நானும் உடன் வருகிறேன்’ என்றார். அவ்வாறே வந்தார். என்னைத் தேற்றியவை மருந்தும், மருத்துவரோடு பல வாரம் பேசிய பேச்சும்தாம். மருத்துவரின் வாயில்வரை கொண்டு சேர்த்ததோ அந்தப் படம்.

இது எப்படி நிகழ்கிறது? தன்னைப் பற்றிப் பேசக் கூசுபவர், கதைமாந்தரைப் பற்றிப் பேசக் கூசுவதில்லை. அவன் துயரைச் சொல்லும்போதே தம் துயரின் உருவமும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால்தான் மனநல ஆலோசகர் சிலர், குறிப்பிட்ட ஒரு படத்தைப் பார்த்து வரச் சொல்லி, அடுத்த சந்திப்பில் அதைப் பற்றிக் கேட்பதுண்டு.

அடுத்து, துயரத்தைப் பகையாகக் கருத வேண்டாம் என்பதையும் நல்ல படம் கற்பிக்கிறது. 2015இல் வந்த ‘இன்சைடு அவுட்’ என்னும் சித்திரப்படம் ஊர்விட்டு ஊர் வந்த 11 வயதுச் சிறுமியின் கதை. அவள் மனத்தில் மகிழ்ச்சி, துயரம், அச்சம், சினம், வெறுப்பு ஆகிய ஐந்தும் ஆட்களாக உலவுகின்றன. மகிழ்ச்சி, துயரத்தை ஓரங்கட்டவே முயல்கிறது. முடிவில் துயரத்திற்கு இடம் கொடுத்த பிறகே, பழைய ஊரை நினைத்து ஏங்குவதாக அச்சிறுமி பெற்றோரிடம் சொல்கிறாள். அவர்களும் அணைத்துக் கொள்கின்றனர். வீட்டைவிட்டு வந்து படிக்கும் நமக்கு இக்கதை அயலார் கதையன்று.

மூன்றாவது, மனச்சோர்வின் சுழலைப் பற்றியது. சோர்வு வந்தவர் எதையும் செய்யாமல் ஒதுங்குகிறார். ஒதுங்க ஒதுங்க இன்பம் தரும் நிகழ்ச்சிகள் குறைகின்றன. அதனால் சோர்வு மேலும் மிகுகிறது. சிறு செயல்களை நேரம் குறித்துச் செய்யப் பழகுவது இச்சுழலை அறுக்கும் வழிகளுள் ஒன்று. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஒரு நண்பரோடு ஒரு படம் என்பது அத்தகைய செயலே. முழுப்படம் பார்க்க மனம் நிலைக்காவிட்டால் இருபது நிமிடம் போதும். ஆனால் இரவு முழுவதும் தனியே கைப்பேசியில் படத்தின் மேல் படமாகப் பார்ப்பது வேறு. அது தூக்கத்தைக் கெடுத்து நோயை வளர்க்கும்.

எச்சரிக்கையும் வேண்டும். 1969இல் வந்த ‘காமோஷி’ என்ற இந்திப் படத்தில், செவிலி ஒருத்தி காதலிப்பதாக நடித்து நோயாளியின் சித்தத்தைத் தெளிவிக்கிறாள். 2005இல் வந்த ‘சந்திரமுகி’யில் ஒரே இரவு நாடகத்தில் நோய் நீங்குகிறது. கதைக்கு இவை பொருந்தலாம், சிகிச்சைக்குப் பொருந்தா. ‘எ பியூட்டிஃபுல் மைண்ட்’ என்னும் 2001ஆம் ஆண்டுப் படம் கணித மேதை ஜான் நாஷின் மனச்சிதைவு நோயைப் பரிவுடன் காட்டுகிறது. அவருக்குக் கேட்ட குரல்களை அது கண்ணெதிரே தோன்றும் ஆட்களாக மாற்றிக்கொண்டது. ஆகவே படத்தைப் பார்த்து நமக்கு இன்ன நோய் என்று முடிவு கட்டுவதும், மருந்தை நிறுத்துவதும் கூடாது. மேலும், நோயின் கடுமையில் இருப்பவருக்குச் சாவும் வன்முறையும் நிறைந்த படம் தீங்கு செய்யலாம். நான் மேலே சொன்ன மலையாளப் படத்தைக்கூட எல்லா நிலையிலும் எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நண்பர்களே! நம் சங்கம் ஆண்டுதோறும் படங்கள் திரையிடுகிறது. படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுக் கலைந்து விடுகிறோம். இனி அரைமணி நேரம் அமர்ந்து தமிழில் பேசுவோமே! நம் பக்கத்தில் இருப்பவர் கதைமாந்தர் ஒருவரைச் சுட்டி, ‘எனக்கும் அப்படித்தான்’ என்று மெல்லச் சொல்லக்கூடும். அச்சொல்லைச் சிரித்துத் தள்ளாமல் கேளுங்கள். மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். உடனே யாரும் கிடைக்காத இரவில், 2022இல் நடுவண் அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணைக் கூப்பிடலாம். கட்டணம் இல்லை, இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். படம் ஒரு சொல்லைத் தரும். அதைக் கேட்கும் செவி நம்முடையதாக இருக்கட்டும்.