செபமும் வேண்டும், தாள்களும் வேண்டும்

வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் நம் பிள்ளைகள், பயணத்திற்கு முந்தைய ஞாயிறன்று பாஸ்போர்ட்டையும் விசாவையும் கொண்டுவந்து ஆசீர் பெற்றுச் செல்கிறார்கள். நல்ல வழக்கம். ஆனால் அந்த விசாவில் என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டில் யாராவது வாசித்துப் பார்த்திருக்கிறோமா?

விவிலியத்தில் நெகேமியாவைப் பாருங்கள். எருசலேமின் மதில் இடிந்து கிடப்பதைக் கேட்டு அழுதார், நோன்பிருந்தார், மன்றாடினார். மன்னர் அர்த்தக்சஸ்தா "என்ன வேண்டும்?" என்று கேட்டபோதும் முதலில் இறைவனை நோக்கித்தான் செபித்தார். ஆனால் அதோடு நிற்கவில்லை. வழியிலுள்ள ஆளுநர்களுக்கு மடல்கள் கேட்டார். மரம் தரும்படி வனக் காவலர் ஆசாபுக்கும் தனியாக ஒரு மடல் கேட்டு வாங்கினார் (நெகே 2:1-8). செபித்தவர் தாள்களையும் சரிபார்த்தார்.

நம் குடும்பங்கள் அதிகம் ஏமாறுவது சுற்றுலா விசாவில்தான். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக 'ஈ.சி.ஆர்.' என்ற குறிப்பு இருக்கும். இவர்கள் சவுதி, குவைத், கத்தார், மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, அரசின் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். இதைத் தவிர்க்கச் சில முகவர்கள், "இப்போது விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார்கள். அனுமதி பெற்றுச் செல்பவருக்கு 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' என்ற காப்பீடு கட்டாயம். இரண்டாண்டுக்கு 275 ரூபாய்தான் கட்டணம். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். விசிட் விசாவில் போனவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்தால், இங்கே மனைவி மக்களுக்கு அந்தக் காப்பீடு இல்லை. ஒப்பந்தமும் இல்லாததால் முதலாளியிடம் கேட்கவும் வழியில்லை.

முகவர் பதிவு பெற்றவரா என்பதை 'இ-மைகிரேட்' இணையதளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே. நகையை அடகு வைத்து ஒன்றரை லட்சம் கொடுக்கும் முன் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடச் சொன்னவர் நம் ஆண்டவர்தானே (லூக் 14:28).

அடுத்தது பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தோணிக்கு ஓரிடத்தில் 'எச்' இருக்கும், ஓரிடத்தில் இராது. ஆரோக்கியத்திற்கு 'சி' வந்தும் போகும். பள்ளிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் மூன்று விதம்! விசாவும் பயணச்சீட்டும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். தலைப்பெழுத்தோடு வாழும் நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்று பிறகு தளர்த்தியது. இப்படிப்பட்ட விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், சென்ற ஆண்டு போய் வந்த அண்ணன் சொன்னதை மட்டும் நம்பிப் புறப்படாதீர்கள்.

திருமுழுக்குச் சான்றிதழைப் பாஸ்போர்ட்டுக்கு ஏற்றபடி "திருத்தித் தாருங்கள் சாமி" என்று கேட்பவர்கள் உண்டு. பதிவேட்டில் உள்ளதைத்தான் எழுதித் தர முடியும். உண்மையிலேயே பிழை இருந்தால் பிறப்புச் சான்றுகளோடு முன்கூட்டியே வாருங்கள், மறைமாவட்ட அலுவலகம் வழியாக முறைப்படி திருத்தலாம். விமானம் ஏறும் முந்தைய நாள் இரவு வந்தால் எதுவும் செய்ய இயலாது.

பெட்டியையும் ஒருமுறை பாருங்கள். அம்மா அன்போடு வைக்கும் கசகசா அமீரகத்திலும் சவுதியிலும் தடை செய்யப்பட்ட பொருள், சிறைக்கே கொண்டுபோகும். கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் கட்டுப்பாடு உண்டு. பக்கத்து வீட்டார் கொடுத்தனுப்பும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம், சங்கடப்பட வேண்டியதில்லை.

பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், காப்பீட்டுத் தாள் ஆகியவற்றின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். அங்கே துன்பம் என்றால், வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் முறையிடவும் தூதரகத்தை அணுகவும் பாஸ்போர்ட் எண் தேவைப்படும். பல வீடுகளில் அந்த எண் மகனுக்கு மட்டுமே தெரிந்திருக்கிறது.