விற்ற பிறகும் பேசும் டிரையர்

குமுளியைச் சுற்றியுள்ள ஏல மலைகளில் ஏலக்காயின் விலையைத் தோட்டம் பாதி முடிவு செய்கிறது என்றால், மீதிப் பாதியை முடிவு செய்வது ஸ்டோர் என்று எல்லோரும் சொல்லும் உலர்த்தும் கட்டடம். பறித்த பச்சைக்காயின் எடையில் ஏறத்தாழ 80 விழுக்காடு தண்ணீர். அதைப் பத்துப் பன்னிரண்டு விழுக்காட்டுக்கு இறக்க வேண்டும். அப்படி இறக்கும்போது பச்சை நிறம் போகக்கூடாது, தோல் வெடிக்கக்கூடாது, உள்ளே இருக்கும் அரிசியின் வாசனை எண்ணெய் ஆவியாகிவிடவும் கூடாது. அதனால்தான் 45 முதல் 55 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு முழு இரவும் அதற்கு மேலும் காயை வைத்திருக்கிறார்கள். 100 கிலோ பச்சைக்காய் உள்ளே போனால் 22 கிலோ அளவுக்கு உலர்காய் வெளியே வரும். மற்ற 78 கிலோவும் நீராவியாகப் போகிறது. அவ்வளவு நீரை ஆவியாக்கக் கணக்குப்படி தேவைப்படும் வெப்பம், ஓரளவு உலர்ந்த விறகு பன்னிரண்டு பதின்மூன்று கிலோவிலேயே இருக்கிறது. நடைமுறையில் எரிவதோ அதைப் போலப் பல மடங்கு. இந்த இடைவெளி எங்கே உண்டாகிறது என்று கண்டுபிடிக்கும் பட்டறைதான் நாளை நல்ல டிரையர் செய்யும். அதைக் கண்டுபிடிக்க, விற்ற இயந்திரம் தோட்டத்தில் என்ன செய்கிறது என்பது பட்டறைக்குத் தெரிய வேண்டும்.

இன்று பெரும்பாலும் அது தெரிவதில்லை. பட்டறையில் வெறும் தட்டுகளோடு ஓட்டிப் பார்த்து, லாரியில் ஏற்றி, தோட்டத்தில் பொருத்திக் கொடுத்ததோடு செய்தவரின் அறிவு நின்றுவிடுகிறது. அதன்பிறகு வருவது புகார் மட்டுமே: “சூடு ஏறவில்லை”, “மேல்தட்டு கருகுகிறது”, “விறகு அதிகம் தின்கிறது”. ஒரே அச்சில் செய்த இரண்டு டிரையர்கள் இரண்டு தோட்டங்களில் இரண்டு விதமாக நடந்துகொள்வதற்குக் காரணங்கள் உண்டு. ஏலக்காய் எடுப்பின் பெரும்பகுதி மழைக்காலத்தில் வருகிறது. 20 டிகிரியில் 95 விழுக்காடு ஈரப்பதத்தோடு இருக்கும் மலைக்காற்றை 50 டிகிரிக்குச் சூடேற்றினால் அதன் ஈரப்பதம் சுமார் 18 விழுக்காடாகிறது. 25 டிகிரியில் 50 விழுக்காட்டோடு இருக்கும் வறண்ட நாள் காற்று அதே சூட்டில் 13-க்கு வந்துவிடும். மழை நாளில் காற்று குறைவாகவே நீரை வாங்கும், காய நேரம் கூடும். இதோடு விறகின் ஈரம், தட்டில் பரப்பிய காயின் கனம், இரவில் எத்தனை முறை கதவு திறந்தது என்பவையெல்லாம் சேர்ந்துகொள்ளும். இவற்றையெல்லாம் பட்டறைக்குள் உட்கார்ந்து ஊகிக்க முடியாது.

அளக்க வேண்டியவை அதிகமில்லை. உள்ளே நுழையும் காற்றின் சூடு, வெளியேறும் காற்றின் சூடும் ஈரப்பதமும், விசிறி மோட்டார் இழுக்கும் மின்னோட்டம், முடிந்தால் ஒரு தட்டின் எடை. இவற்றை நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து அனுப்பும் சிறு கன்ட்ரோல் போர்டும் ஒரு சிம் கார்டும் போதும். ஓர் இரவின் கோட்டை வரைந்து பார்த்தால் அது நிறையச் சொல்லும். சூடு ரம்பப் பல்போல ஏறி இறங்கினால், விறகை நீண்ட இடைவெளியில் மொத்தமாகத் திணிக்கிறார்கள் என்று பொருள். அடுப்பின் வாயையும் காற்றுவழியையும் மாற்றி வடிவமைக்க அதுவே காரணம். விசிறியின் மின்னோட்டம் குறைந்து காற்றும் குறைந்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. மின்னோட்டம் நாளுக்கு நாள் மெல்லக் கூடிவந்தால் பேரிங் தேய்கிறதோ என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பணமதிப்புள்ள தகவல் வெளியேறும் காற்றில் இருக்கிறது. முதல் சில மணி நேரம் அது ஈரம் நிறைந்து வெளியேறும். பின்னிரவில் சூடாகவும் வறண்டும் வெளியேறத் தொடங்கினால், பாதி வேலையும் செய்யாத சூட்டை வெளியே தள்ளுகிறோம். அந்த நேரத்தில் காற்றின் ஒரு பகுதியை உள்ளேயே சுழலவிட்டால் விறகு மிச்சமாகும். எந்த மணியில் எவ்வளவு திருப்பிவிடலாம் என்பதை ஒரே டிரையரின் ஒரு வாரம் சொல்லாது. நாற்பது தோட்டங்களின் ஒரு பருவம் சொல்லும். இத்தனை தோட்டங்களின் கணக்கும் ஒரே இடத்தில் சேரக்கூடிய ஆள் இயந்திரம் செய்தவர்தான். ஆகவே இந்த இணைப்பால் முதலில் லாபமடைபவரும் அவரே. கருவிகளின் செலவை விவசாயியின் பில்லில் தனியாக ஏற்றாமல் தன் ஆராய்ச்சிச் செலவாக அவர் எடுத்துக்கொள்வதுதான் நியாயம்.

இந்த வழி புதிதல்ல. 1962-லேயே பிரிட்டனின் பிரிஸ்டல் சிட்லி நிறுவனம் தன் வைப்பர் விமான இன்ஜின்களுக்கு, பறந்த மணிக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு பராமரிப்பைத் தானே ஏற்றது. பின்னாளில் ரோல்ஸ் ராய்ஸ் அதை வளர்த்தெடுத்தது. இன்ஜின் பழுதாகாமல் ஓடினால்தான் செய்தவருக்கு லாபம் என்றானபின், அது எப்படி ஓடுகிறது என்று அறிவது அவருடைய தேவையாயிற்று. நமக்குப் பக்கத்தில், கோவையின் எல்.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் நூற்பு இயந்திரங்களுக்கு ஸ்பின்கனெக்ட் என்ற கண்காணிப்பு அமைப்பை வழங்குகிறது. நூற்பாலை பெரிய முதலீடு, ஏல ஸ்டோர் சிறியது என்பது உண்மைதான். ஆனால் சென்சார்களின் விலை இறங்கிய அளவுக்கு விறகின் விலையும் கூலியும் இறங்கவில்லை.

மலையில் சிக்னல் கிடைக்காதே என்பது முதலில் வரும் மறுப்பு. இங்கே சொன்ன அளவீடுகள் நாளொன்றுக்கு 150 கிலோபைட்டைத் தாண்டாது. கைப்பேசியில் எடுத்த ஒரு படம் இதைவிடப் பெரிது. எம்.கியூ.டி.டி. என்ற செய்திமுறையை 1999-ல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட் கிளார்க்கும் ஆர்லென் நிப்பரும் உருவாக்கியதே, செயற்கைக்கோள் வழியாக அரைகுறைத் தொடர்பு கிடைக்கும் எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்கத்தான். போர்டு தகவலைத் தன்னிடமே சேமித்துவைத்து, தொடர்பு கிடைக்கும்போது அனுப்பினால் போதும். இயந்திரம் இணையத்தை நம்பி ஓடக்கூடாது, அவ்வளவே. அதேபோல் தகவல் வெளியே மட்டும் போக வேண்டும்; தூரத்திலிருந்து யாரும் அடுப்பை மூட்டவோ அணைக்கவோ வழி வைக்கக்கூடாது. தீயோடு விளையாடும் கட்டடத்தில் இந்த எச்சரிக்கை கட்டாயம்.

அனுபவமுள்ள ஸ்டோர்காரருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. காயைக் கையில் உருட்டிப் பார்த்தே ஈரம் சொல்லக்கூடியவர்கள் இந்த மலையில் இருக்கிறார்கள். அந்த அறிவை மதிப்பதால்தான் அளவீடு வேண்டும் என்கிறேன். நல்ல ஸ்டோர்காரர் ஓர் இரவில் செய்வதைக் கோடாக வரைந்துவிட்டால், அடுத்த டிரையரின் கன்ட்ரோலை அவர் கைப்பக்குவத்திலிருந்தே அமைக்கலாம். அவருக்கு அதற்கான கூலி கிடைக்க வேண்டும் என்பதையும் பட்டறை மறக்கக்கூடாது.

மூன்றாவது மறுப்புதான் எனக்குக் கனமாகப் படுகிறது. தட்டின் எடை தெரிந்தால் அந்தத் தோட்டத்தில் எத்தனை கிலோ காய் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கும் மின்னணு ஏலத்தில் காய் போடுபவருக்குத் தன் கையிருப்பு வெளியே தெரிவது நஷ்டம். பல தோட்டங்களின் எடையைக் கூட்டினால் வரத்தையே முன்கூட்டிக் கணிக்கலாம்; வியாபாரிக்கு அது பொன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த தரவுச் சட்டம், இணைப்புள்ள இயந்திரம் தரும் தகவலைப் பெறும் உரிமையை அதைப் பயன்படுத்துபவருக்குத் தருகிறது. நம் 2023-ஆம் ஆண்டுச் சட்டம் தனிநபர் தரவைப் பற்றியது. டிரையரின் எடைக்கணக்கை அது நேரடியாகத் தொடாது. அந்த வெற்றிடத்தை விற்பனை ஒப்பந்தம்தான் நிரப்ப வேண்டும்: தகவல் தோட்டக்காரருடையது, அவர் கேட்டால் முழுவதும் கொடுக்கப்படும், எடை விவரம் பட்டறையைத் தாண்டிப் போகாது, வேண்டாமென்றால் சிம்மைக் கழற்றிவிட்டும் இயந்திரம் ஓடும். நான்கு வரிகள், தமிழிலும் மலையாளத்திலும். இதை எழுதித் தராத பட்டறையிடம் இணைப்புள்ள டிரையரை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

எடுப்பு ஓய்ந்து, மார்ச்சிலிருந்து மழை தொடங்கும்வரை ஸ்டோர்களில் அடுப்பு அவ்வளவாக எரியாது. பருவம் முழுவதும் வந்து சேர்ந்த கோடுகளைப் பட்டறை விரித்துவைத்துப் படிக்க வேண்டிய மாதங்கள் அவை. அடுத்த அடுப்பின் வரைபடத்தில் அப்போதுதான் கை வைக்க முடியும்.